காப்பர் டி முதல் முறை போட முடியாமல் போனால்: திருமங்கலத்துப் பெண்ணுக்கு ஒரு பதில்

திருமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 26. முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து 14 மாதம் ஆகிறது. இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது. அடுத்த குழந்தைக்கு இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும் என்று, கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைக் கருவியான காப்பர் டி போட்டுக்கொள்ளப் போயிருக்கிறார். கருவி உள்ளே போகவில்லை. வலியில் கத்தியிருக்கிறார், வியர்த்துக் கொட்டிக் கண் இருட்டியிருக்கிறது, பாதியிலேயே நிறுத்தியிருக்கிறார்கள். "பிள்ளை பெற்றவளுக்கு இது ஒரு வலியா?" என்று அங்கே யாரோ கேட்ட கேள்விதான் அவர் மனத்தை அதிகம் அறுக்கிறது. வீட்டில் மாமியாரோ, "அதெல்லாம் வேண்டாம், மேலே ஏறி நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும்" என்கிறார். தன் உடம்பில் ஏதும் கோளாறா, மறுபடியும் போகலாமா என்று கேட்கிறார்.

மதுரை மாவட்டத்து அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு பிரிவுச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நீங்கள் எழுதியிருப்பதில் கோளாறு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, அம்மா. மறுபடியும் போகலாம். ஆனால் போன தடவை போன மாதிரியே போகாதீர்கள்.

முதலில் அந்தக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது எனக்குக் கோபமூட்டுகிறது. சுகப்பிரசவம் ஆன பெண்ணுக்குக் கருப்பை வாய் ஒரு தடவை முழுதாக, ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் அளவுக்கு, விரிந்து மூடியிருக்கும். அதன் பிறகு அந்த வழி கொஞ்சம் இளகியே இருக்கும். நாள் குறித்து, வலி எடுக்கும் முன்பே சிசேரியன் செய்யப்பட்ட பெண்ணுக்கு அந்த வாய் ஒரு தடவைகூட விரிந்திருக்காது. குழந்தை பெற்றவள்தான், ஆனால் காப்பர் டி போகவேண்டிய வழியைப் பொறுத்தவரை குழந்தையே பெறாத பெண்ணின் நிலைதான் அவளுக்கும். சுகப்பிரசவம் ஆகாத பெண்களுக்கு இந்த வலி அதிகம் என்பது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். வலியை அனுபவிக்கிற பெண் சொல்லும் அளவைவிட, போடுகிறவர் மதிப்பிடும் அளவு குறைவாகவே இருக்கிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களிடம் அப்படிக் கேட்டவர் உங்கள் பிரசவக் குறிப்பை எடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது.

வலி எங்கே வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் தெளியும். முதலில் கைவிட்டுப் பரிசோதித்து, கருப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா, பின்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டுமே இயல்புதான், ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போடக்கூடாது. பிறகு ஸ்பெகுலம் என்ற, பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவியை வைத்துக் கருப்பை வாயைத் தெரியவைத்து, சுத்தம் செய்து, பல்லுள்ள ஓர் இடுக்கியால் அதைப் பிடித்து மெல்ல இழுப்பார்கள். வளைந்த வழி நேராவதற்காகத்தான் அப்படி இழுப்பது. முதல் சுரீர் அங்கேதான். அடுத்து, உள்ளளவு பார்க்க ஒரு மெல்லிய கம்பி. அது கருப்பை வாயின் உள்முனையைத் தாண்டும்போது பலத்த பிடிப்பு வரும். மூன்றாவது, கருவி உள்ளே விரிந்து உச்சியைத் தொடும் நொடி. கம்பி தாண்டாவிட்டால் கருவியும் போகாது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவது கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது என்றே தோன்றுகிறது. அங்கே நிறுத்தியது சரியான முடிவு. வலிந்து தள்ளினால்தான் ஆபத்து.

சிசேரியனில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பெண்களுக்குத் தழும்பு ஆறும்போது கருப்பையின் முன்பக்கம் வயிற்றுச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கருப்பை மேல்நோக்கி இழுபட்டு, கருப்பை வாய் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத உயரத்தில் இருக்கும். வெளியே இருந்து பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஸ்கேனும் அனுபவமுள்ள மகப்பேறு மருத்துவரின் கையும் சேர்ந்தால் தெரியும்.

கண் இருட்டியதற்கு வருவோம். கருப்பை வாயைத் தொட்டு இழுக்கும்போது சிலருக்கு ஒரு நரம்பு அனிச்சையாக வேலை செய்து, நாடித் துடிப்பு மெதுவாகும், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், வியர்க்கும், குமட்டும், மயக்கம் வரும். தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தட்டையாகப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். நீங்கள் அன்று சாப்பிட்டீர்களா என்று எழுதவில்லை. நம் பக்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறிவிடுகிறார்கள். ரத்தம் எடுப்பார்களோ, மயக்க மருந்து கொடுப்பார்களோ என்ற எண்ணம். சாதாரணமாகக் காப்பர் டி போடுவதற்குப் பட்டினி தேவையில்லை. இட்லியோ தோசையோ சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். மயக்க மருந்து கொடுத்துப் போடுவதாக மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் மட்டும் அவர் சொன்ன நேரத்திலிருந்து சாப்பிடாமல் இருங்கள். போன தடவை மயக்கம் வந்ததை அடுத்த தடவை படுக்கையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். அவர்கள் அதற்குத் தயாராக இருப்பார்கள். முடிந்ததும் உங்களை உடனே எழுப்பி உட்காரவைக்க மாட்டார்கள்.

இப்போது வலிக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். பெண்கள் கேட்காததும், கேட்டாலும் பல இடங்களில் பதில் கிடைக்காததும் இதுதான். ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் போதும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். இப்யூபுரூஃபென் போன்ற மாத்திரைகள் போடும் நொடி வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. போட்டுக்கொண்ட பிறகு வரும் அடிவயிற்றுப் பிடிப்புக்குத்தான் அவை உதவுகின்றன. போடும் நேரத்து வலிக்கு உண்மையில் கைகொடுப்பது கருப்பை வாயைச் சுற்றி லிக்னோகெய்ன் ஊசி போட்டு மரக்கச் செய்வது. அந்த ஊசியே கொஞ்சம் குத்தும். கருவி உச்சியைத் தொடும்போது ஒரு பிடிப்பும் வரத்தான் செய்யும், ஏனென்றால் அந்த மேல்பகுதியின் நரம்புகள் வேறு வழியாகச் செல்கின்றன. ஆனாலும் இடுக்கியின் வலியும் கம்பி தாண்டும் வலியும் வெகுவாகக் குறையும். 2024ஆம் ஆண்டு அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த மரக்கும் மருந்து ஊசியாகவோ மேற்பூச்சாகவோ உதவக்கூடும் என்றும், ஒவ்வொரு பெண்ணிடமும் வலியைப் பற்றி முன்பே பேசித் திட்டமிட வேண்டும் என்றும் சொல்கிறது. லிக்னோகெய்ன் ஒன்றும் அரிய மருந்தில்லை. தையல் போடும் எந்த மருத்துவமனையிலும் அது இருக்கும். "எனக்கு மரக்கும் ஊசி போட்டுத்தான் செய்ய வேண்டும், முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். முடியாது என்றால் முடிகிற இடத்துக்குப் போகலாம்.

கருப்பை வாயை இளக்க மிசோபிராஸ்டால் மாத்திரை கொடுப்பார்களே என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்லலாம். முதல் தடவை போடுகிற எல்லோருக்கும் அது தேவையில்லை. பலன் குறைவு, வயிற்றுப் பிடிப்பும் குளிரும் கூடுதலாக வரும். உங்களைப்போல ஒரு தடவை கருவி உள்ளே போகாதவர்களுக்கு, மருத்துவர் பார்த்து, போடுவதற்குச் சில மணி நேரம் முன்பு கொடுப்பதுண்டு. மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் மாத்திரை அது அன்று. கர்ப்பம் இருந்தால் அதைக் கலைத்துவிடக்கூடிய மருந்து.

அடுத்த தடவை எங்கே போவது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்களே நன்றாகப் போடுகிறார்கள், சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கு அதுவே போதும். உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சிசேரியன், ஒரு தோல்வி, ஒரு மயக்கம், மூன்றும் சேர்ந்திருப்பதால் மகப்பேறு மருத்துவரே, ஸ்கேன் வசதியுள்ள இடத்தில் போடுவதுதான் நல்லது. திருமங்கலம் அரசு மருத்துவமனையில் முதலில் விசாரியுங்கள். இல்லாவிட்டால் கோரிப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராஜாஜி மருத்துவமனை. மதுரை மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது என்பதால் இதுபோன்ற சிக்கலான நிலைமைகள் அவர்களுக்குப் புதிதல்ல. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டிவரும், அதற்குத் தயாராகப் போங்கள். வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே கம்பி போகும் பாதையைக் கவனித்துப் போடலாம். அப்படிப் போடும்போது சிறுநீர்ப்பை ஓரளவு நிறைந்திருக்கச் சொல்வார்கள். படம் தெளிவாகத் தெரியும், முன்சாய்ந்த கருப்பையும் சற்று நிமிரும். அதுவும் ஒத்துவராவிட்டால் சிறிது நேர மயக்க மருந்து கொடுத்துப் போடும் வழியும் இருக்கிறது.

சிசேரியன் குறிப்பும் டிஸ்சார்ஜ் தாளும் கையில் இருக்கட்டும். தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில், பாலூட்டும் காலத்தில், கருவி கருப்பைச் சுவரைத் துளைக்கும் ஆபத்து சற்றுக் கூடும் என்று தெரியவந்திருக்கிறது. மொத்தத்தில் அது அரிது. ஆயிரம் பேருக்கு ஒன்றிரண்டு பேர் என்ற அளவு. உங்கள் குழந்தைக்கு 14 மாதம் ஆகிவிட்டதால் அந்த முதல் மாதங்களின் அபாயம் தணிந்திருக்கும், ஆனாலும் போடுகிறவருக்குத் தெரிந்திருந்தால் கை இன்னும் நிதானமாக இருக்கும். கூட ஒருவர் வரட்டும். கணவரோ அம்மாவோ அக்காவோ, உங்களுக்கு யார் இருந்தால் தெம்போ அவர். கணவர் கையெழுத்து வேண்டும் என்று சில இடங்களில் கேட்பார்கள், அது தேவையில்லை. உங்கள் சம்மதம்தான் சட்டப்படி தேவை. போட்டு முடிந்த கையோடு மதுரையிலிருந்து திருமங்கலம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டு வராதீர்கள்.

படுக்கையில் ஏறிய பிறகும் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. "நிறுத்துங்கள்" என்று நீங்கள் சொன்னால் நிறுத்த வேண்டும். இதைத் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லச் சொல்லுங்கள். எப்போது வலிக்கும் என்று முன்பே தெரிந்த பெண்ணின் உடம்பு இறுகுவதில்லை, அதை நான் எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் மாமியார். அவர் சொல்வதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். 1965இல் இந்திய அரசு லிப்பிஸ் லூப் என்ற பிளாஸ்டிக் வளையத்தை நாடு முழுவதும் முகாம் போட்டுக் கொடுத்தது. எத்தனை பேருக்குப் போட்டோம் என்ற கணக்கில் இருந்த அக்கறை, போட்ட பிறகு ரத்தம் கொட்டியபோது யாரிடம் போவது என்பதில் இல்லை. வலியோடும் உதிரப்போக்கோடும் வீட்டில் கிடந்த பெண்கள் சொன்ன கதைதான் அம்மாவிடமிருந்து மகளுக்கு வந்து, இன்று உங்கள் மாமியார் வாயில் நெஞ்சுவரை ஏறிவிட்டது. அந்தப் பயத்துக்கு ஒரு நியாயமான வேர் உண்டு. அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: கருப்பை ஒரு பை, அதிலிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது. மிக அரிதாகச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போய்விட்டால், எக்ஸ்ரேயில் தெரியும். அதற்காகவே காப்பர் டியின் பிளாஸ்டிக்கில் பேரியம் உப்பைக் கலந்திருக்கிறார்கள். அதைச் சிறு துளை அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிடலாம். முடிந்தால் அவரையே உங்களோடு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எதிர்த்துக்கொண்டிருந்த மாமியார் நேரில் கேட்டபின் மருமகளுக்குத் துணையாக வந்து நிற்பதைக் கண்டவள் நான்.

போட்ட பிறகு வருவதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது மாதம் எடுத்துவிடச் சொல்லி ஓடுவீர்கள். காப்பர் டியில் மாதவிலக்கு ரத்தம் கூடும், வலியும் கூடும். முதல் 3 முதல் 6 மாதம் இது அதிகம். பிறகு பெரும்பாலோருக்குத் தணியும். நம் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. எனவே போடும் முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள். குறைவாக இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே விலக்கு நாட்களில் ரத்தம் மிக அதிகம் என்றால் காப்பர் டி உங்களுக்கு நல்ல தேர்வாக இருக்காது. ஹார்மோன் வைத்த கருவி ஒன்று இருக்கிறது, மிரீனா என்ற பெயரில் பலர் அறிந்திருப்பார்கள். அது ரத்தப்போக்கைக் குறைக்கும். சிலருக்கு விலக்கே நின்றுபோகும், அதனால் கெடுதல் இல்லை. தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய் ஆகும். காப்பர் டி அரசு மருத்துவமனையில் இலவசம்: 380ஏ என்ற வகை 10 ஆண்டுக்கும், 375 என்ற வகை 5 ஆண்டுக்கும். இரண்டில் எது போட்டார்கள், எந்தத் தேதியில் என்று எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். எத்தனையோ பெண்கள் எது போட்டார்கள், எப்போது எடுக்க வேண்டும் என்றே தெரியாமல் வருவார்கள். பிரசவத்தின்போதே போட்டதைக்கூட அறியாத பெண்கள் வந்திருக்கிறார்கள், அது பெரிய அநியாயம். நீங்களும் சிசேரியன் டிஸ்சார்ஜ் தாளை ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுங்கள்.

கருவி தானாக வெளியே வந்துவிடுவதும் உண்டு. நூறு பேரில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் ஆண்டில், அதிலும் விலக்கு நாட்களில் நடக்கும். முதல் சில மாதங்கள் விலக்கு முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கருவியின் அடியில் தொங்கும் நூலை விரலால் தொட்டுப் பாருங்கள். கருப்பை வாய் மூக்கு நுனிபோல உறுதியாகத் தட்டுப்படும். அதன் நடுவில் நூல் இருக்கும். இழுக்காதீர்கள். நூல் தட்டுப்படாவிட்டாலும் கடினமாக ஏதாவது தட்டினாலும் மருத்துவரிடம் போங்கள், அதுவரை ஆணுறை. பெரும்பாலும் நூல் உள்ளே சுருண்டிருக்கும், ஸ்கேனில் தெரிந்துவிடும். கணவருக்கு நூல் குத்துகிறது என்றால் கத்தரித்துச் சரிசெய்யலாம். ஒட்ட வெட்டினால்தான் இன்னும் குத்தும். முதல் விலக்குக்குப் பிறகு ஒரு தடவை காட்டிக்கொள்வது போதும். காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தாங்க முடியாத அடிவயிற்று வலி, இவை வந்தால் அன்றே போக வேண்டும். கிருமித் தொற்று வருமானால் போட்ட முதல் மூன்று வாரங்களில்தான் வரும் வாய்ப்பு அதிகம். நாள் தள்ளிப்போனாலும் தாமதிக்கக்கூடாது. காப்பர் டி இருக்கும்போது கர்ப்பமாவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் அப்படி ஆனால் அது கருக்குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எடுக்க வேண்டும் என்று நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். "பத்து வருடத்துக்குப் போட்டது, இப்போது ஏன் எடுக்கிறாய்" என்று திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. எடுப்பது போடுவதைவிட மிக எளிது, எடுத்ததும் கர்ப்பம் தரிக்கும் திறன் உடனே திரும்பும்.

இரண்டாவது முயற்சியும் வேண்டாம் என்று தோன்றினால் அதிலும் தவறில்லை. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. இரண்டு குழந்தைக்கு நடுவில் இடைவெளி விட உதவும் வழிகளைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. அந்தரா என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒரு தடவை, அரசிடம் இலவசம். விலக்கு ஒழுங்கு தப்பும், நிறுத்திய பிறகு கரு நிற்கச் சில மாதங்கள் தாமதமாகும். சாயா என்ற கருத்தடை மாத்திரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஹார்மோன் இல்லாதது, பாலூட்டும் தாய்க்கு ஏற்றது. முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. காப்பர் டி போடும்வரை காத்திருக்கும் நாட்களுக்கு எது ஒத்துவரும் என்று உங்கள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். கேட்டு முடிவாகும்வரை ஆணுறை.

பால் கொடுப்பதால் கரு நிற்காது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை, தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காமல், விலக்கும் வராமல் இருந்தால்தான். 14 மாதத்தில் அது இல்லை. விலக்கு இன்னும் வரவில்லை என்றாலோ, நாள் தள்ளியிருந்தாலோ, மருத்துவரிடம் போகும் முன்பு மருந்துக் கடையில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை வாங்கிக் காலைச் சிறுநீரில் பார்த்துவிட்டு, முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் கேட்கப்போவது அதைத்தான்.